மெட்டாலிக் பெயிண்டும் ரப்பர் ஸ்டாம்பும்: வாசகர் கேள்வி – பதில்

கட் பீஸ்களைச் சேர்த்துத் தைக்கும் க்வில்ட்டுக்கு, அதாவது ஒட்டுத்துணிப் போர்வைக்கு, ரப்பர் ஸ்டாம்பால் தங்க, வெள்ளி நிற அச்சுக் குத்துவது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். பாதிக்கு மேற்பட்ட கேள்விகளில் கோளாறு ஒன்றேதான்: பெயிண்ட் அதிகமாகப் போய்விடுகிறது. நிறைய வைத்தால் நிறைய மினுக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. மெட்டாலிக் பெயிண்டில் மினுக்குவது அதில் மிதக்கும் நுண்ணிய தகடுகள். மெல்லிய பூச்சில் அவை துணியோடு படிந்து படுத்து, வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்பும். தடித்த பூச்சில் தாறுமாறாகச் சாய்ந்து நின்று மங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே உள்ள பதில்கள் சுலபமாகப் பிடிபடும்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி: மாங்காய் டிசைன் கொடுத்து ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். பேப்பரில் மை தொட்டுக் குத்தினால் அழகாக விழுகிறது. துணியில் கோல்ட் பெயிண்ட் தொட்டுக் குத்தினால் உள்ளே இருக்கிற புள்ளி, கோடு எல்லாம் அடைத்துக்கொண்டு மொட்டையாக மாங்காய் மட்டும் விழுகிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், ஓரமெல்லாம் கசிந்துவிட்டது.

உங்கள் ஸ்டாம்ப் ஆபீஸ் சீல் மாதிரி செய்யப்பட்டது. சீலுக்கு ரப்பரில் பள்ளம் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே போதும், மை நீர்த்தது. பெயிண்ட் கெட்டித் தயிர் பதத்தில் இருக்கும், ஒரு மில்லிமீட்டர் பள்ளத்தை நாலு குத்திலேயே நிரப்பிவிடும். பாரிமுனைப் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர்களிடம் கொடுக்கும்போதே, “துணியில் பெயிண்ட் வைத்துக் குத்த வேண்டும், பள்ளம் குறைந்தது 2 மி.மீ. வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். டிசைனில் கோடு 1 மி.மீ.க்கு மெலியக் கூடாது, இரண்டு கோட்டுக்கு நடுவே 1.5 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். உள்ளேயே மை நிரம்பி வரும் ஃப்ளாஷ் ஸ்டாம்ப் வேண்டவே வேண்டாம். அதன் முகம் நுண்துளைகள் கொண்டது, பெயிண்ட் புகுந்து காய்ந்தால் அதோடு முடிந்தது.

ஸ்டாம்ப் சரியானால் அடுத்தது பெயிண்ட் வைக்கும் விதம். ஸ்டாம்பைப் பெயிண்டில் அமுக்கி எடுக்கக் கூடாது. முகத்துக்குப் பவுடர் போடும் நெருக்கமான ஸ்பான்ஜ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்ப்பதில் துளை பெரிது, அந்தத் துளைகளே அச்சிலும் விழும். பழைய பீங்கான் தட்டில் பட்டாணி அளவு பெயிண்ட் விட்டு, ஸ்பான்ஜால் ஒற்றி, தட்டின் காலி இடத்தில் இரண்டு தடவை தட்டி உபரியைக் கழித்துவிடுங்கள். ஸ்டாம்பை இடது கையில் முகம் மேலே பார்க்கப் பிடித்து, ஐந்தாறு முறை லேசாக ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் பெயிண்ட் பள்ளத்துக்குள் இறங்கும்.

அளவு சரியா என்று காதும் கண்ணும் சொல்லிவிடும். ஸ்பான்ஜை எடுக்கும்போது ‘பச் பச்’ என்று ஒட்டிக்கொண்டு வந்தால் பெயிண்ட் அதிகம். அளவாக இருந்தால் சத்தமே இருக்காது. ஜன்னல் பக்கம் ஸ்டாம்பைச் சாய்த்துப் பாருங்கள். மேடெல்லாம் ஒரே சீராகப் பளபளக்க வேண்டும், பள்ளத்தில் ரப்பரின் நிறம் அப்படியே தெரிய வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் மணி மணியாகப் பெயிண்ட் நின்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஒற்றுங்கள்.

துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். வெறும் மேசை என்றால் அச்சில் திட்டுத் திட்டாக விடுபடும். மெத்தை மேல் வைத்துக் குத்தினால் துணி பள்ளத்துக்குள் எழும்பி, விழக்கூடாத இடத்திலும் பெயிண்ட் படும். பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்து மேசையில் விரித்து, அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் அச்சுத் துணி. இது போதும். ஸ்டாம்பை நேராக இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி, மூன்று எண்ணுங்கள். ஆட்டக் கூடாது. இன்னொரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு நேராகத் தூக்குங்கள்.

தண்ணீர் விட்டதால் கசிந்தது இயல்புதான். தண்ணீர் சேர்ந்தால் பெயிண்டைத் துணியோடு பிடித்து வைக்கும் பசை நீர்த்துப்போகும். நூல் வழியே நீர் ஓடும், மினுக்குத் தகடுகள் நடுவிலேயே தங்கிவிடும். பாட்டிலில் பெயிண்ட் இறுகிப் போயிருந்தால் ஃபேப்ரிக் மீடியம், அதாவது துணிப் பெயிண்டை இளக்கும் திரவம், சில துளிகள் சேருங்கள். பாட்டிலைக் குலுக்கவும் வேண்டாம், குமிழி வரும். அடியில் தங்கிய தகடுகளை ஐஸ் குச்சியால் அடிவரை கிளறினால் போதும்.

எட்டுப் பத்துக் குத்துக்கு ஒரு தடவை ஸ்டாம்பை ஈரத்துணியில் துடையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். தின்னர், மண்ணெண்ணெய், நகப்பூச்சு நீக்கும் திரவம் எதுவும் வேண்டாம். ரப்பர் ஊதிப்போய் டிசைனே கோணிவிடும்.

தண்டையார்பேட்டை வாசகி: எந்தத் துணி எடுத்தால் அச்சு நன்றாக விழும்? புதுத் துணியைத் துவைத்துத்தான் ஆக வேண்டுமா?

நெருக்கமாக நெய்த சுத்தமான காட்டன். பாப்ளினும் கேம்ப்ரிக்கும் முதல் தரம். மல் துணி அச்சுக்கு மெல்லிசு, பெயிண்ட் அந்தப் பக்கம் ஊறும். டூ பை டூ ரகங்களில் பாலியெஸ்டர் கலந்தவையும் உண்டு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கட் பீஸ் வாங்கும்போது ஓரத்திலிருந்து ஒரு நூல் உருவி வந்து வீட்டில் கொளுத்திப் பாருங்கள். காட்டன் பேப்பர் எரிவது போல எரிந்து தொட்டால் உதிரும் சாம்பலாகும். கருகி உருண்டையாகக் கெட்டியானால் பாலியெஸ்டர் இருக்கிறது. அந்தத் துணியில் பெயிண்ட் நூலுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும், சூடாக இஸ்திரி போட்டு இறுக்கவும் முடியாது.

துவைத்துத்தான் ஆக வேண்டும். மில் துணியில் கஞ்சி இருக்கும். அச்சு கஞ்சியின் மேல் உட்கார்ந்து, முதல் சலவையில் கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். காட்டன் மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கக்கூடியது என்பதால், போர்வை தைத்த பிறகு சுருங்கினால் தையலெல்லாம் இழுத்துக்கொள்ளும். சாதாரண சோப்புத்தூளில் வெந்நீரில் துவைத்து, நன்றாக அலசிவிடுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், அது விடும் மெழுகுப் படலம் பெயிண்டைப் பிடிக்க விடாது. காடா துணி என்றால் கஞ்சி மட்டுமல்ல, பஞ்சின் இயற்கை மெழுகும் போகாமல் இருக்கும். ஒரு மீட்டருக்கு 3 லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, அரை மணி நேரக் கொதி, பிறகு மூன்று அலசல். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று விநாடியில் உறிஞ்சிக்கொண்டால் தயார், உருண்டு நின்றால் இன்னொரு சலவை.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான் உங்கள் பக்கத்து வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. அவர்கள் துணிக்கு முதலில் செய்ததும் இந்த வேலைதான்: நூலில் ஒட்டியிருப்பதை எல்லாம் கழுவி எடுத்துவிட்டுத்தான் மற்றது.

நிறத்துக்கு ஒரு வார்த்தை. அடர்ந்த துணியில்தான் மெட்டாலிக் எடுக்கும். மாம்பழ மஞ்சளிலும் வெள்ளையிலும் தங்கம் அழுக்கு மஞ்சளாகத் தெரியும். வெளிர் துணியில்தான் வேண்டுமென்றால் நாலு பங்கு கோல்டுக்கு ஒரு பங்கு மஸ்டர்ட் நிற ஃபேப்ரிக் பெயிண்ட் கலந்துகொள்ளுங்கள். மினுக்கு கொஞ்சம் குறையும், உருவம் திடமாகத் தெரியும்.

ராயபுரம் வாசகி: போன வருடம் குத்திய தங்க அச்சு இப்போது பச்சையும் பழுப்புமாகக் கறுத்துவிட்டது. பெயிண்ட் பழசா, துவைத்ததால் ஆனதா?

இரண்டுமே இல்லை. நீங்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் தனியாக விற்கும் கோல்ட் பவுடரைப் பசையில் கலந்ததாக இருக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் கோல்ட் பவுடர் பலவும் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத் தூள், அதாவது பித்தளைத் தூள். புதிதில் அதைப்போல மினுக்குவது வேறில்லை. ஆனால் கடற்கரை ஓரத்தில் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு என்ன ஆகிறதோ அதுதான் துணியிலும் ஆகிறது. விளக்கைப் புளி போட்டு விளக்கலாம், போர்வையை விளக்க முடியாது.

உங்கள் பகுதிக்கு மைக்கா அடிப்படையிலான பேர்ல் மெட்டாலிக் பெயிண்ட்தான் சரி. மைக்கா என்பது அபிரகம். அதன் மெல்லிய தகடுகள் மேல் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் பூசித்தான் தங்க, செம்பு நிறம் கொண்டுவருகிறார்கள். உலோகம் இல்லாததால் உப்புக் காற்று அதை ஒன்றும் செய்யாது. பெரிய கம்பெனிகள் துணிக்கென்று விற்கும் பேர்ல் வகைப் பெயிண்ட்கள் இந்த ரகம்.

சந்தேகமாக இருந்தால் சோதித்துவிடலாம். கட் பீஸில் ஒரு அச்சுக் குத்திக் காயவைத்து, எலுமிச்சைச் சாற்றில் உப்புக் கரைத்து இரண்டு சொட்டு விட்டு, மேலே ஒரு சின்ன மூடியால் மூடி ஒரு நாள் வையுங்கள். பச்சையோ பழுப்போ ஏறினால் உலோகத்தூள்.

கறுத்த அச்சுக்கு மாற்று கிடையாது. மேலே மைக்கா பெயிண்டைச் சின்ன பிரஷால் தொட்டு மூடலாம், அவ்வளவுதான்.

பெரம்பூர் வாசகி: சிக்குக் கோலத்தை ஸ்டாம்பாகச் செய்து போர்வையில் குத்த ஆசை. ஒவ்வொரு கோலத்துக்கும் பெரிய ஸ்டாம்ப் செய்தால் கட்டுப்படியாகாது. வழி இருக்கிறதா?

அருமையான கேள்வி. கோலம் முழுவதையும் ஸ்டாம்பாக்க வேண்டாம். ஒரே ஒரு புள்ளியையும் அதைச் சுற்றிப் போகும் கம்பியையும் (கோலக் கோட்டையும்) மட்டும் ஒரு சதுரமாக எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப் புள்ளிக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கம்பி பக்கத்துப் புள்ளியோடு பின்னிக்கொள்ளும், அல்லது பின்னாமல் வளைந்து திரும்பும். இப்படிக் கணக்குப் போட்டால், திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுபவற்றை விட்டுவிட்டு, மொத்தம் ஆறே வடிவம்தான் வரும். எந்தப் பக்கமும் பின்னாதது வட்டம். ஒரு பக்கம் பின்னுவது நீர்த்துளி. எதிரெதிர் இரண்டு பக்கம் பின்னுவது கண். அடுத்தடுத்த இரண்டு பக்கம் என்றால் மூலை. மூன்று பக்கம் என்றால் வளைவு. நாலு பக்கமும் பின்னினால் டைமண்ட். இந்த ஆறு ஸ்டாம்பும் கையில் இருந்தால் நேர்ப் புள்ளியில் போடும் எந்தச் சிக்குக் கோலத்தையும் குத்திவிடலாம்.

ஸ்டாம்ப் ஒவ்வொன்றும் துல்லியமாக 2 இன்ச் சதுரம். புள்ளி நட்ட நடுவில். கம்பி 3 மி.மீ. தடிமன். பின்னும் பக்கத்தில் கம்பிகள் இரண்டும் அந்தப் பக்கத்தின் சரியான நடுவில், 45 டிகிரி சாய்வில் வந்து சேர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கம்பி உடைந்து தெரியும். அதனால் கையால் வரையாமல், கட்டம் போட்ட பேப்பரில் ஸ்கேல் வைத்து வரைந்து கொடுங்கள். ஆறு வடிவமும் இடவலம் மாறினாலும் ஒன்றுபோல இருப்பதால், கண்ணாடியில் தெரிவது போல மாறி விழுமோ என்ற கவலை இல்லை. பிடி மரக்கட்டையாக இல்லாமல் தெளிவான அக்ரிலிக் கட்டையாக இருந்தால் அடியில் உள்ள கோடு தெரியும்.

முதல் முயற்சிக்கு 1-3-1 புள்ளி எடுங்கள். நடுவில் ஒரு டைமண்ட், சுற்றி நாலு நீர்த்துளி, கூர்முனை நடுவைப் பார்க்கட்டும். ஐந்து குத்தில் 6 இன்ச் கோலம் முடிந்துவிடும். கை பழகியதும் 1-3-5-3-1. இதில் 13 புள்ளி: நடுவில் 5 டைமண்ட், நாலு மூலை, நுனிகளில் நாலு நீர்த்துளி. இது 10 இன்ச் வரும்.

துணியில் 2 இன்ச் கட்டம் போட்டுக்கொள்ள தையல்காரர் சாக் போதும். தண்ணீரில் அழியும் நீலப் பேனா வேண்டாம். அச்சை இறுக்க இஸ்திரி போடும்போது அந்த நீலமும் சூட்டில் நிலைத்துவிடக்கூடும். துணி நகராமல் இருக்க, அடியில் உப்புத்தாள் ஷீட் ஒன்றைச் சொரசொரப்பு மேலே பார்க்க வைத்து, துணியின் நாலு மூலையையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள்.

குத்தும் வரிசை: நடுப் புள்ளியில் தொடங்கி வெளியே வாருங்கள். பிசகு ஏதாவது இருந்தால் ஓரத்துக்குத் தள்ளப்படும், நடுவில் தெரியாது. ஒரே வடிவத்தை எல்லாக் கோலத்துக்கும் ஒரேயடியாகக் குத்திவிட்டு அடுத்த ஸ்டாம்புக்குப் போகலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். முதல் அச்சு காய்ந்து நிறம் லேசாக அடங்கிய பிறகு பக்கத்தில் ஈர அச்சு விழுந்தால், கம்பி சேருகிறதா என்று கண் கணக்குப் போட முடியாது. ஒரு கோலத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

செங்காவி நிறப் பாப்ளினில் பேர்ல் வெள்ளை. வாசல் படியில் காவி இட்டுக் கோலம் போட்டது போலவே இருக்கும். இந்தச் சேர்க்கையை மிஞ்ச வேறு நிறம் இல்லை என்பது எங்கள் கருத்து.

மண்ணடி வாசகர்: 36க்கு 48 இன்ச் போர்வைக்கு எத்தனை பாட்டில் பெயிண்ட் வாங்க வேண்டும்?

மேலே சொன்ன 6 இன்ச் கோலம் என்றால் 48 சதுரம், 240 குத்து. 3 மி.மீ. கம்பிக்கு ஒரு குத்தில் துணியில் இறங்குவது மி.லி.யில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். ஆக 5 மி.லி. துணிக்கு, அதைப்போல இரண்டு மடங்கு ஸ்பான்ஜுக்கும் தட்டுக்கும் போகும். 15 மி.லி. பாட்டில் ஒன்று போதும் என்று கணக்கு சொல்லும். இருந்தாலும் இரண்டாக வாங்குங்கள், அதுவும் ஒரே நாளில், ஒரே பேட்ச் எண் பார்த்து. பாதியில் தீர்ந்து வேறு பேட்ச் வாங்கினால் மெட்டாலிக்கில் நிற வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கோடாக இல்லாமல் நிரப்பிய டிசைன் என்றால் மூன்று நாலு பாட்டில் கூட ஆகும்.

எண்ணூர் வாசகி: கோடையில் ஸ்டாம்பிலேயே பெயிண்ட் காய்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் துணியில் காயவே மாட்டேன் என்கிறது. கிளிசரின் கலக்கலாமா?

கிளிசரின் வேண்டாம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. கடலோரத்தில் அச்சு பிசுபிசுவென்றே இருந்து, மடித்து வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கத்திரி வெயில் நாளில் காலை 6 மணிக்கு உட்கார்ந்து 8 மணிக்குள் எழுந்துவிடுங்கள், ஃபேன் வேண்டாம். தட்டில் ஈரத்துணியை மடித்து வைத்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு, அந்தப் பேப்பர் மேல் பெயிண்டை விடுங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், பெயிண்டில் ஏடு படியாது. ஸ்டாம்பில் வைத்த பிறகு யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, இடத்தை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் பெயிண்டைத் தொட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே நீர் இருக்கும். இரண்டு நாள் முழுக்க விடுங்கள். முதல் ஒரு மணி நேரம் படுக்கையாக, பிறகு ஃபேன் காற்றுப் படும்படி கொடியில். சாம்பல் தூசி படியும் தெரு என்றால் எந்தக் காலத்திலும் மொட்டை மாடியில் காயவைக்க வேண்டாம். ஈர அச்சில் தூசி உட்கார்ந்தால் மினுக்கு போய்விடும், துடைத்தாலும் வராது.

கொளத்தூர் வாசகி: இரண்டாவது சலவையிலேயே அச்சு உதிர்ந்துவிட்டது. இஸ்திரி போட்டேன்தான்.

எப்போது, எப்படிப் போட்டீர்கள் என்பதில்தான் விஷயம். இந்தப் பெயிண்டின் பசை, நீரில் மிதக்கும் மிக நுண்ணிய அக்ரிலிக் துளிகள். நீர் முழுக்கப் போன பிறகு சூடு பட்டால் துளிகள் இளகி ஒன்றோடொன்று சேர்ந்து, நூலைக் கவ்விய ஒரே படலமாகும். ஈரத்தில் போட்டால் நீர் ஆவியாகிக் குமிழி வரும், படலம் ஓட்டையாகும். நீராவி இஸ்திரியும் அதே கெடுதிதான்.

குத்தி 24 மணி நேரம் கழித்து (மழைக்காலம் என்றால் 48), துணியைக் குப்புறப் போட்டு, மேலே மெல்லிய வெள்ளைத் துணி விரித்து, காட்டன் சூட்டில் போடுங்கள். ஒரு சதுரத்துக்கு 3 முதல் 4 நிமிடம், பெட்டியை நகர்த்திக்கொண்டே. ஒரு இழுப்பில் சட்டைக்குப் போடுவது போலப் போட்டால் சூடு உள்ளே போகாது. அச்சின் மேல் நேரடியாகப் பெட்டி படக் கூடாது, இளகி ஒட்டிக்கொள்ளும். இஸ்திரி வண்டியில் கொடுக்க வேண்டாம். கரிப்பெட்டியின் சூட்டை அளந்து வைக்க முடியாது, அவர்களுக்கு நிற்க நேரமும் இருக்காது.

இதன் பிறகு ஒரு வாரம் துவைக்காதீர்கள். அப்புறம் குளிர்ந்த தண்ணீர், சாதாரண சோப்பு, அச்சு உள்பக்கமாக இருக்கும்படி மடிப்பு. கல்லில் அடிப்பதும் பிரஷ் போடுவதும் கூடாது. ட்ரை கிளீனிங் கொடுத்தால் அதன் கரைப்பான் படலத்தையே கரைக்கும். பெரிய வேலை தொடங்கும் முன் அதே துணித் துண்டில் ஒரு அச்சுக் குத்தி, இஸ்திரி போட்டு, மூன்று தடவை துவைத்துப் பார்த்துவிடுங்கள். நாற்பது சதுரம் குத்திய பிறகு தெரிந்துகொள்வதை ஒரு துண்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

வியாசர்பாடி வாசகி: தைத்த பிறகு குத்துவதா, குத்திவிட்டுத் தைப்பதா? அச்சின் மேல் மெஷின் ஓட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது.

குத்திவிட்டுத் தையுங்கள். பஞ்சு வைத்துத் தைத்த போர்வையில் அடிப்புறம் மெத்தென்று இருப்பதால் அச்சு தெளியாது, கெட்டுப்போனால் ஒரு சதுரத்தை மட்டும் மாற்றவும் முடியாது. 6 இன்ச் சதுரம் வேண்டுமானால் 8 இன்ச் துண்டில் குத்தி, இஸ்திரி போட்டு, பிறகு அச்சை நடுவில் வைத்து 6½ இன்ச்சாக வெட்டுங்கள். கால் இன்ச் தையலுக்குப் போகும். டிசைன் தையல் கோட்டிலிருந்து கால் இன்ச்சாவது உள்ளே நிற்க வேண்டும். சிக்குக் கோலக் கம்பி 2 இன்ச் கட்டத்தின் வெளி விளிம்பைத் தொடாமல் வளையும்படி ஸ்டாம்ப் வரைந்தால் அந்த இடம் தானாகக் கிடைத்துவிடும்.

நூல் அறுவதற்குக் காரணம், ஊசி சூடாகிப் படலத்தின் பசை அதில் ஏறுவது. புது 14ஆம் நம்பர் ஊசி போடுங்கள், அவ்வப்போது ஸ்பிரிட் நனைத்த துணியால் ஊசியைத் துடையுங்கள். தையல் நீளம் 3 மி.மீ. வையுங்கள். நெருக்கித் தைத்தால் தபால் தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி, படலம் அந்த வழியே கிழியும். ஆனால் இதைவிட நல்ல வழி, அச்சின் மேல் போகாமல் கம்பியை ஒட்டி 3 மி.மீ. தள்ளி ஓட்டுவதுதான். கம்பி மேலெழும்பி நிற்கும், அச்சும் பிழைக்கும். கைத்தையல் போடுபவர்களும் அப்படியே, சின்ன ஓட்டுத்தையலாக. அச்சின் மேல் குண்டூசி குத்தாதீர்கள். துணியில் ஊசித் துளை மூடிக்கொள்ளும், படலத்தில் மூடாது.

திருவொற்றியூர் வாசகி: பிறக்கப் போகும் பேரக் குழந்தைக்குக் குத்தலாமா?

விரிப்பாகப் போடலாம். பவுடர், கிளிட்டர் இரண்டும் வேண்டாம், உதிரும். குழந்தை வாயில் வைப்பது ஓரத்தைத்தான், அதனால் நாலு ஓரத்திலும் 4 இன்ச் வெறும் துணியாக விடுங்கள். கொடுக்கும் முன் இரண்டு தடவை துவைத்துவிடுங்கள். பாட்டிலில் நச்சற்றது என்று போட்டிருந்தால் தோலில் படலாம் என்றுதான் பொருள், சப்பலாம் என்று அல்ல.

மாதவரம் வாசகி: தப்பான இடத்தில் விழுந்த அச்சை எடுக்க முடியுமா? பாதி விழுந்த அச்சைச் சரி செய்வது எப்படி?

ஈரமாக இருக்கும்போது மட்டும் கொஞ்சம் முடியும். துடைக்காதீர்கள், பரவும். வெண்ணெய்க் கத்தியின் முனையால் மேலிருந்து வழித்து எடுத்துவிட்டு, துணியின் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்கள், பிறகு சோப்பு. அப்படியும் சில தகடுகள் நூலிடையில் நின்று லேசாக மின்னும். காய்ந்துவிட்டால் அந்தத் துண்டைப் போர்வையின் பின்பக்கத்துக்கு ஒதுக்கிவிடுங்கள், அல்லது மேலே வேறு துணியில் ஒரு உருவம் வெட்டி ஒட்டுத்தையல் போட்டு மூடுங்கள்.

பாதி விழுந்த அச்சின் மேல் மறுபடி ஸ்டாம்பை வைக்கவே வேண்டாம், இரட்டைக் கோடு விழும். பூஜ்யம் நம்பர் பிரஷில் பெயிண்ட் தொட்டு விடுபட்ட இடத்தை நிரப்புங்கள். ஆனால் இழுத்துத் தீட்டாதீர்கள். தீட்டினால் தகடுகள் எல்லாம் பிரஷ் போன பக்கமே படுத்து, அந்த இடம் மட்டும் வேறு மாதிரி மின்னும். பிரஷின் நுனியால் பக்கத்தில் பக்கத்தில் புள்ளி வைத்து, கடைசியில் ஈரமில்லாத ஸ்பான்ஜ் முனையால் ஒரு தடவை ஒற்றி எடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் தெரியாது.